எடை குறைவதும் கொழுப்பு குறைவதும் ஒன்றா?

ரமளான் முடிந்து ஷவ்வால் பிறந்ததும் நம் வீடுகளில் இரண்டு வகைப் பேச்சு கேட்கும். "முப்பது நோன்பும் வெச்சேன், மூணு கிலோ குறைஞ்சிருச்சு" என்று மகிழ்பவர்கள் ஒரு பக்கம். "நோன்பு வெச்சும் ரெண்டு கிலோ ஏறித்தான் இருக்கு" என்று நொந்துகொள்பவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் பார்த்தது ஒரே எடை மெஷினைத்தான். அந்த மெஷின் சொல்வது மொத்த எடை ஒன்றை மட்டும். குறைந்தது தண்ணீரா, தசையா, கொழுப்பா என்று அதற்குத் தெரியாது. ஆனால் நம் ஆரோக்கியத்தைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

முதலிபாளையம் சிட்கோ பக்கம் துணியோடு புழங்குகிறவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. பின்னல் துணி மீட்டர் கணக்கில் அல்ல, கிலோ கணக்கில்தான் கைமாறுகிறது. அதற்காக எடையை மட்டும் பார்த்து யாராவது துணி வாங்குகிறார்களா? பஞ்சு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்த பஞ்சுக்கு 8.5 சதவீதம் ஈரம் இயல்பு என்று தொழிலிலேயே கணக்கு உண்டு. சரியாகக் காயாமல் வந்த ரோல் எடை கூடுதலாகக் காட்டினால் அதை லாபம் என்று எந்த முதலாளியும் எடுத்துக்கொள்ள மாட்டார். வட்டக் கட்டரில் ஒரு துண்டு வெட்டி ஜிஎஸ்எம் பார்ப்பார்கள், நூல் என்ன கவுண்ட் என்று கேட்பார்கள், லைக்ரா எவ்வளவு கலந்திருக்கிறது என்று விசாரிப்பார்கள். துணிக்கு இத்தனை விசாரணை நடத்தும் நாம், உடம்பை மட்டும் கிலோ ஒன்றை வைத்தே எடை போட்டுவிடுகிறோம்.

முதல் வாரத்தில் குறைவது எது?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, பரோட்டாவில் உள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதியை உடல் 'கிளைகோஜன்' என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. ஒரு பெரியவரின் உடலில் இது ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் உடல் முதலில் கை வைப்பது இந்தச் சேமிப்பில்தான். அது கரையும்போது அதனுடன் இருந்த தண்ணீரும் சிறுநீராக வெளியேறிவிடும். இரண்டு மூன்று நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்தது போல் மெஷின் காட்டுவது இதனால்தான். ஒரு வலீமா பிரியாணிக்குப் பிறகு அதே இரண்டு கிலோ திரும்பி வந்து நிற்பதும் இதனால்தான். போனதும் கொழுப்பல்ல, வந்ததும் கொழுப்பல்ல.

கொழுப்பின் கணக்கே வேறு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. தினமும் நாம் செலவழிப்பதைவிட 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால், ஒரு கிலோ கொழுப்பு கரைய 15 நாள் ஆகும். "பத்தே நாளில் பத்து கிலோ" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பத்து கிலோ கொழுப்பு என்றால் 77,000 கலோரி. நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவழிக்கும் ஒருவர் பத்து நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடாமல் இருந்தாலும் 20,000 கலோரிதான் ஆகும். அதாவது மூன்று கிலோ கொழுப்புகூடக் கரையாது. மெஷினில் அதற்கு மேல் குறைந்திருந்தால் அது தண்ணீர், குடலில் இருந்த உணவு, அதோடு தசை. அந்தப் பொடியை விற்பவர் பொய் சொல்லாமலே நம்மை ஏமாற்றிவிட முடியும், ஏனென்றால் எடை நிஜமாகவே குறையத்தான் செய்யும்.

வியர்வையும் அப்படித்தான். பனியன் கம்பெனியில் அயர்ன் மேசை முன்னால் நாள் முழுக்க நிற்பவருக்கு எவ்வளவு வியர்க்கும் என்று நமக்குத் தெரியும். வியர்த்தால் கொழுப்பு கரையும் என்றால் அயர்ன் மாஸ்டர்கள் யாருக்கும் தொப்பை இருக்கக் கூடாது. வியர்வை உடம்பைக் குளிர்விக்க வெளிவரும் உப்பு நீர். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் இழந்த எடை திரும்பிவிடும். உண்மையில் கொழுப்பு உடலை விட்டு வெளியேறும் பெரிய வழி நம் மூச்சு. 10 கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சு வழியே போகிறது, மீதி 1.6 கிலோ நீராக மாறுகிறது. 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருத்துவர்களிடமே இந்தக் கேள்வியைக் கேட்டபோது பலரும் தவறாகவே பதில் சொன்னார்கள் என்பதையும் அதில் குறிப்பிட்டிருந்தார்கள்.

ஒல்லியானவரின் தொப்பை

"நான்தான் ஒல்லியாச்சே, எனக்கெதுக்கு சுகர் டெஸ்ட்" என்று நம்மில் பலர் கேட்கிறோம். இதற்கு 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை நல்ல பதில். புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின் என்ற இரு நண்பர்கள் சேர்ந்து நிற்கும் படம் அதில் இருந்தது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு, அதாவது பி.எம்.ஐ., ஒரே அளவு, 22.3. வெளிநாட்டு அட்டவணைப்படி இருவருமே சரியான எடை உள்ளவர்கள். ஆனால் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம், இரண்டு மடங்குக்கும் மேல்!

இது ஒரு மனிதரின் தனிப்பட்ட கதையல்ல. அதே யாஜ்னிக் புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, அங்குள்ளவை 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைவு இருந்தும், தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் நம் குழந்தைகள் அவ்வளவு பின்தங்கவில்லை. குறைந்திருந்தது தசையும் உள்ளுறுப்புகளும்தான். ஒல்லியாகத் தெரிந்து கொழுப்பு மிகுந்திருக்கும் உடல்வாகு நமக்குப் பிறப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்று அவர் விளக்கினார். கர்ப்பிணித் தாயின் சாப்பாட்டில் நாம் காட்டும் அலட்சியம் எவ்வளவு தூரம் போய்த் தாக்கும் என்பதற்கும் இது ஓர் எச்சரிக்கை.

கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு ஆபத்தானதல்ல. வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் படியும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும் உருவத்தை நம் ஊர்களில் எத்தனை பேரிடம் பார்க்கிறோம்! அதை 'வசதி வந்ததன் அடையாளம்' என்று கேலியாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

சென்னை டாக்டர் வி. மோகனின் ஆய்வு மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது. இவற்றைவிட நாம் கவனிக்க வேண்டியது இன்னொரு எண். எடையை வைத்துப் பார்த்தால் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். வயிற்றுச் சுற்றளவை வைத்துப் பார்த்தால் 39.5 சதவீதம். மெஷினில் 'நார்மல்' என்று வந்தும் வயிற்றில் கொழுப்பைச் சுமப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது இந்த இடைவெளியிலேயே தெரிகிறது.

எடை குறையாமலே கிடைத்த பலன்

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைத் தேர்ந்தெடுத்து மூன்று ஆண்டுகள் கண்காணித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு தினமும் அரை மணி நேர வேகநடை, சர்க்கரையும் வெள்ளை மாவும் எண்ணெயும் குறைத்த சாப்பாடு, நார்ச்சத்து அதிகம். மற்ற பிரிவுகளுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்த்துச் சோதித்தார்கள்.

மூன்று ஆண்டு முடிவில் ஒன்றும் செய்யாத பிரிவில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள் ஆகியிருந்தார்கள். நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்த பிரிவில் 39.3 சதவீதம். நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆச்சரியம் என்னவென்றால், நடந்தவர்களின் எடை குறிப்பிட்டுச் சொல்லும்படி குறையவே இல்லை. 2006-ல் இந்த முடிவு வெளியானபோது, எடை குறைந்தால்தான் பலன் என்று நம்பியிருந்த மேலைநாட்டு மருத்துவர்களுக்கு இது புதிய செய்தி.

"ஒரு மாசமா நடக்கிறேன், மெஷின்ல முள்ளு நகரவே இல்ல" என்று நடையை நிறுத்திவிடும் சகோதரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முள் நகராவிட்டாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். நாம் வேலை கொடுக்கும் தசை, இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்தத் தொடங்குகிறது. கொழுப்பு சிறிது கரைந்து தசை சிறிது கூடினால் மொத்த எடை அப்படியே இருக்கும். பேன்ட் மட்டும் இடுப்பில் தளரும்.

உட்கார்ந்த வேலையும் பட்டினியும்

முதலிபாளையத்திலும் திருப்பூர் வட்டாரத்திலும் உழைக்காத மனிதர் என்று யாரையும் சொல்ல முடியாது. ஒன்றரை ஷிப்ட் என்பது பன்னிரண்டு மணி நேரம். ஆனால் ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷினில் உட்காரும் ஒருவரின் உழைப்பு விரல்களிலும் கண்களிலும் பாதத்திலும்தான். தொடை, இடுப்பு, முதுகு ஆகிய பெரிய தசைகளுக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் வேலையில்லை. செக்கிங் மேசையில் நிற்பவருக்கு கால் வலிக்கும், தசை வளராது. அலுப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. "காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வேலை, இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்" என்று கேட்பவரின் கோபம் நியாயமானது. ஆனால் உடம்பு அந்த நியாயத்தை ஏற்றுக்கொள்வதில்லை.

சாப்பாடும் இந்த வேலைக்கு ஏற்றபடி மாறிவிட்டது. காலையில் அவசரமாக இரண்டு இட்லி, அல்லது அதுவும் இல்லை. பத்தரை மணிக்கு டீயும் வடையும். மதியம் டிபன் பாக்ஸ் நிறையச் சோறு, மேலே கொஞ்சம் குழம்பு. மாலையில் மறுபடி டீ, பன் அல்லது பஜ்ஜி. இரவு ஒன்பது மணிக்கு மேல் பரோட்டா. இதில் பருப்பு எங்கே, முட்டை எங்கே? இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் 12 சதவீதம் மட்டும் புரதத்திலிருந்தும் வருகிறது என்று மேலே சொன்ன அதே தேசிய ஆய்வு 2025-ல் காட்டியது. நாம் கறி சாப்பிடும் சமுதாயம்தானே, நமக்கென்ன புரதக் குறை என்று நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் வரும் இரண்டு துண்டுக் கறி வாரம் முழுவதற்கும் காணாது. அந்த இரண்டு துண்டும் வீட்டில் யார் தட்டில் விழுகிறது என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கடைசியில் சாப்பிட உட்காரும் தாய்க்கு மிஞ்சுவது மசாலாவும் சோறும்தான்.

இந்த நிலையில் ஒரு சகோதரி எடை குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்து, செய்யும் முதல் காரியம் காலைச் சாப்பாட்டை நிறுத்துவது. அடுத்து ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தி வெறும் இரண்டு பிஸ்கட். எடை குறையும். ஆனால் உணவை மட்டும் குறைத்து, பயிற்சி எதுவும் செய்யாமல் எடை குறைப்பவர்களுக்கு, குறையும் எடையில் சுமார் கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியாகவே இருக்கிறது. புரதமும் இல்லாத பட்டினி என்றால் தசை இழப்பு இன்னும் கூடும். பிறகு பழையபடி சாப்பிடத் தொடங்கும்போது முதலில் திரும்பி வருவது கொழுப்பு. தசை மெதுவாகத்தான் வரும், சிலருக்கு வருவதேயில்லை.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் இதை நேரடியாகச் சோதித்தார். 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்துடன், 24 வாரங்கள் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். எந்நேரமும் உணவைப் பற்றிய நினைப்பு, மனச்சோர்வு, எரிச்சல், குளிர் தாங்காமை என்று அவர்கள் பட்ட பாடு பெரிது. மீண்டும் உணவு கொடுத்தபோது தசை பழைய நிலைக்கு வரும் முன்பே கொழுப்பு வந்து சேர்ந்தது, பழைய அளவையும் தாண்டியது. வருடத்துக்கு ஒரு 'டயட்' என்று ஏறி இறங்கும் நம் சகோதரிகளின் அனுபவமும் இதுவே. அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று பழிப்பது சரியல்ல.

தசை ஏன் இவ்வளவு முக்கியம்? சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அந்தச் சர்க்கரை போக இடமில்லாமல் இரத்தத்திலேயே நிற்கும். நாற்பது வயதுக்குப் பிறகு பயன்படுத்தாத தசை தானாகவே ஆண்டுக்கு ஆண்டு குறையவும் செய்கிறது. ருகூவிலிருந்தும் ஸஜ்தாவிலிருந்தும் தள்ளாடாமல் எழுந்து நிற்பதற்கும், நாற்காலித் தொழுகைக்கு வயதுக்கு முன்பே போய்விடாமல் இருப்பதற்கும் இந்தத் தசைதான் வேண்டும்.

ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் சுமார் 6 கிராம், நூறு கிராம் மீனில் 18 முதல் 20 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, கைப்பிடி நிலக்கடலை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். டப்பாவில் விற்கும் புரதப் பவுடருக்கு மாதம் மூவாயிரம் கொடுப்பதற்குப் பதில் ஒரு தட்டு முட்டை வாங்கி வைத்தால் வீட்டில் எல்லோருக்கும் ஆகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

நோன்பு என்ன செய்கிறது?

நோன்பு அல்லாஹ்வுக்காக வைக்கும் வணக்கம், எடை குறைப்புத் திட்டமல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறோம். என்றாலும் அது உடலில் என்ன செய்கிறது என்று உலகெங்கும் ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படி வந்த 70 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து 2019-ல் ஒரு மதிப்பீடு வெளியானது. பருமனாக இருந்தவர்களுக்கு ரமளானில் உடல் கொழுப்பின் சதவீதம் ஓரளவு குறைந்திருந்தது. சரியான எடையில் இருந்தவர்களுக்குக் கொழுப்பில் பெரிய மாற்றமில்லை. கொழுப்போடு தசை முதலான பகுதியும் குறைந்தது, ஆனால் கொழுப்பைவிடக் குறைவாகவே. ரமளான் முடிந்து இரண்டு முதல் ஐந்து வாரங்களில் பெரும்பாலும் எல்லாம் பழைய நிலையை நோக்கித் திரும்பிவிட்டது.

அப்படியானால் வித்தியாசம் ஏற்படுத்துவது இஃப்தாரும் ஸஹரும்தான். நோன்புக் கஞ்சியில் பாசிப்பருப்பும் கொஞ்சம் கறியும் கூட்டிப் போட்டால் அதைவிட நல்ல உணவில்லை. அதனோடு வரும் சமோசா, வடை, பஜ்ஜி, ரோஸ்மில்க் ஆகியவைதான் கணக்கைக் கெடுப்பவை. ஸஹரை விட்டுவிட்டுத் தூங்குவதும் தவறு. நபி (ஸல்) அவர்கள் ஸஹரில் பரகத் இருப்பதாகச் சொல்லி அதை வலியுறுத்தினார்கள். முட்டை, தயிர், பருப்பு என்று புரதம் சேர்த்துச் சாப்பிடும் ஸஹர் தசையைக் காக்கும். வெறும் சோறும் ரசமும் என்றால் லுஹருக்கு முன்பே பசிக்கும்.

ரமளானுக்கு வெளியிலும் வயிற்றை மூன்றாகப் பங்கிட்டு உணவுக்கு, நீருக்கு, மூச்சுக்கு என்று இடம் விடச் சொன்ன நபிவழி திர்மிதீயில் மிக்தாம் (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியிருக்கிறது. நம்மில் அதை அறியாதவர் இல்லை, பிரியாணி தட்டு வரும்வரை. ஓட்டப் பந்தயம் பற்றிய அறிவிப்பும் அபூதாவூதில் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓடியபோது முதலில் ஆயிஷா (ரலி) அவர்கள் வென்றார்கள். பின்னாளில் அவர்களுக்குச் சதை போட்ட பிறகு ஓடியபோது நபி (ஸல்) அவர்கள் வென்று, அதற்கு இது ஈடு என்று சிரித்தார்கள். மனைவி நடைப்பயிற்சிக்குக் கிளம்பினால் முகம் சுளிக்கும் கணவர்கள் இதை ஒருமுறை எடுத்துப் படிக்கலாம். இஷாவுக்குப் பிறகு இருவருமாகச் சேர்ந்து அரை மணி நேரம் நடக்க முதலிபாளையத்தில் தெருவுக்குப் பஞ்சமில்லை.

நடையோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் பதினைந்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது, கம்பெனியில் லிஃப்டை விட்டுப் படி ஏறுவது எல்லாமே பயிற்சிதான்.

இஞ்சு டேப் போதும்

கொழுப்பைத் துல்லியமாக அளக்க டெக்ஸா ஸ்கேன் உண்டு, எல்லோருக்கும் அது தேவையில்லை. ஜிம்களில் ஏறி நின்றதும் கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின் உடலில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக் கணக்குப் போடுகிறது. உடலில் தண்ணீர் குறைந்திருந்தால் கொழுப்பு அதிகம் என்று காட்டிவிடும். நோன்பு வைத்துக்கொண்டு மாலையில் அதில் ஏறிப் பதற்றப்படாதீர்கள்.

நம் ஊரில் இஞ்சு டேப் இல்லாத வீடு அரிது. காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது, டேப்பை இறுக்கவும் கூடாது. இந்தியர்களுக்கான வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இஞ்சுக் கணக்கில் முறையே முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. இன்னும் எளிய கணக்கு, இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மாதம் ஒரு முறை அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். எடை அப்படியே இருந்து இடுப்பு இரண்டு செ.மீ. குறைந்திருந்தால் அது நல்ல செய்தி. எடை குறைந்து இடுப்பு அப்படியே இருந்து, படி ஏறக் கால் தளர்ந்தால் போனது தசை.

எடை குறைக்கும் ஊசிகள் பற்றியும் இப்போது பலர் விசாரிக்கிறார்கள். மௌன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, சில மாதங்களில் வீகோவியும் வந்தது. சர்க்கரை நோயும் பருமனும் உள்ள பலருக்கு இவை உண்மையிலேயே பலனளிக்கின்றன. ஆனால் இவற்றால் குறையும் எடையிலும் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத பகுதி என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பசி அடங்கிவிடுவதால் புரதமும் குறைந்துவிடும். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல், கல்யாணத்துக்கு நான்கு கிலோ குறைக்க என்று தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்தல்ல இவை.

கடைசியாக ஒன்று. முயற்சி எதுவும் செய்யாமல் எடை குறைவதைப் பார்த்து மகிழ வேண்டாம். "அத்தா இப்ப நல்லா இளைச்சுட்டாங்க, பாக்க நல்லாருக்கு" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளே கட்டுப்படாத சர்க்கரை தசையைக் கரைத்துக்கொண்டிருக்கலாம். காசநோய், தைராய்டு, புற்றுநோய் ஆகியவற்றின் முதல் அடையாளமும் இதுவாக இருப்பதுண்டு. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் காரணமின்றி எடையில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ, குறைந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதிகத் தாகமும் இரவில் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்திருந்தால் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. இவ்விரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீடு தேடி வந்தே பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது எல்லோரும் கம்பெனிக்குப் போய்விட்டால், வீட்டில் இருக்கும் பெரியவர்களையாவது கையை நீட்டச் சொல்லிவிட்டுப் போங்கள்.